வாசகர் கேள்வி–பதில்: கரடுமுரடான பாதைக்கு எந்த முன் பம்பர்?

கேள்வி: என்னுடையது தனி சேசிஸ் மீது பாடி அமர்ந்த, நான்கு சக்கர இயக்கம் கொண்ட வாகனம். வெறும் எடை ஏறத்தாழ 2,000 கிலோ. மாதத்தில் ஓரிரு முறை கல்லும் புதரும் நிறைந்த பாதைகளில் செல்கிறேன். வண்டியோடு வந்த பிளாஸ்டிக் பம்பரின் கீழ் விளிம்பு இரண்டு முறை பெயர்ந்துவிட்டது. மாற்றுவதென்றால் இரும்பா, அலுமினியமா? இரும்புதான் உறுதி என்று கேட்டவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள்.

பதில்: எதிலிருந்து வண்டியைக் காக்கப் போகிறோம் என்பதை முடிவு செய்த பிறகுதான் உலோகத்தைப் பற்றிப் பேச வேண்டும், அதற்கான விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. திறந்தவெளிச் சாலையில் இரவு நேரத்தில் வேகமாகச் செல்பவருக்குக் குறுக்கே பாயும் விலங்குகளால் ஆபத்து. ரேடியேட்டரையும் முகப்பு விளக்குகளையும் மறைத்து நிற்கும் உயரமான குழாய் வளைவுகள் அவருக்குப் பயன்படும். உங்களுக்குப் பெயர்ந்ததோ கீழ் விளிம்பு. நடக்கும் வேகத்தில் ஊர்ந்து செல்லும்போது கல்லில் முதலில் இடிப்பது அதுதான். ஆகவே அடிவிளிம்பு உயர்ந்த பம்பரும், அதற்குப் பின்னால் ரேடியேட்டரின் அடிப்பகுதியைக் காக்கும் அடித்தகடும் உங்களுக்குப் போதும். குழாய் வளைவுகளின் எடையை நீங்கள் வீணாகவே சுமப்பீர்கள்.

இனி உலோகம். இரும்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம், அலுமினியத்துக்கு 2.7 கிராம். மூன்றில் ஒரு பங்கு எடையில் வேலை முடிந்துவிடும் என்று இதைப் பார்த்ததும் தோன்றும். ஆனால் இரும்பில் 3 அல்லது 4 மில்லிமீட்டர் தகடு போதுமான இடத்தில் அலுமினியத்துக்கு 5 அல்லது 6 மில்லிமீட்டர் தேவைப்படுவதால், கடைசியில் மிச்சமாவது பாதியை ஒட்டித்தான் இருக்கும். இரண்டும் அடிபடும் விதமும் வேறு. இரும்பு கல்லில் உரசினால் வழுக்கிச் செல்லும், பலமாக இடித்தால் நெளியும். நெளிந்ததைச் சூடேற்றித் தட்டி நிமிர்த்தலாம், விரிசல் கண்டால் சாதாரண வெல்டிங் பட்டறையிலேயே ஒட்டவைக்கலாம். அலுமினியத்தைக் கல் சுரண்டி எடுக்கும். அளவுக்கு மீறி வளைந்தால் அது பிளக்கக்கூடும். அதை வெல்டிங் செய்யத் தனிக் கருவியும் தேர்ந்த கையும் வேண்டும், செய்த பிறகும் சூடுபட்ட பகுதியின் உறுதி குறைந்தே இருக்கும். உங்களைப் போலக் கல்லில் ஊர்பவருக்கு இரும்பு. நிறைய சாமான்களோடு நெடுந்தூரம் செல்பவராக, கல்லில் அரிதாகவே இடிப்பவராக இருந்திருந்தால் அலுமினியம் என்று எழுதியிருப்பேன்.

ஆனால் இரும்பு என்றதும் கடையில் உள்ளதிலேயே கனமானதைத் தேடிச் செல்ல வேண்டாம். இடுப்பில் வைத்த குடத்தைவிடக் கையை நீட்டிப் பிடித்த குடம் கனக்கும் அல்லவா, பம்பரின் எடையும் அப்படிப்பட்டதே. அது முன் அச்சுக்கும் முன்னால் தொங்குகிறது. இரண்டு அச்சுகளுக்கும் இடையே 2.8 மீட்டர் உள்ள வண்டியில், முன் அச்சிலிருந்து 0.8 மீட்டர் தள்ளி 60 கிலோ பம்பரை மாட்டினால், முன் அச்சின் மீது ஏறும் சுமை 60 அன்று, ஏறத்தாழ 77 கிலோ. அந்த உபரி 17 கிலோ பின் அச்சிலிருந்து குறைந்துவிடும். கழற்றிவைக்கும் பழைய பம்பரின் எடையை இதில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அது பெரிதாக இராது. முன்புறம் தாழ்ந்தால் முகப்பு விளக்கின் ஒளி எட்டும் தூரம் குறைகிறது, வீல் அலைன்மென்ட் மாறுகிறது, பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங் முழுதாக அமுங்கி இடிக்கிறது. பம்பரோடு சேர்த்து முன் ஸ்பிரிங்குகளையும் சற்று வலுவானவையாக மாற்றுவதற்குப் பணம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். விளக்கின் மட்டத்தைச் சரிசெய்யாமல் பட்டறையை விட்டு வண்டியை எடுக்காதீர்கள். முன் அச்சு தாங்கும் உச்ச எடை வண்டியின் தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும், அந்த எண்ணையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: முழு அகல பம்பரா, நடுப்பகுதியோடு நின்றுவிடும் குட்டை பம்பரா? அணுகு கோணம் என்பது எப்படிக் கணக்கிடப்படுகிறது?

பதில்: முன் சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து, வண்டியின் முன்புறத்தில் மிகத் தாழ்ந்து நீளும் முனை வரை ஒரு கோடு இழுத்தால், அது தரையோடு ஏற்படுத்தும் கோணமே அணுகு கோணம். அந்தக் கோணத்தைவிடச் செங்குத்தான மேட்டை அணுகினால், சக்கரம் ஏறுவதற்கு முன்பே பம்பர் முட்டிக்கொள்ளும். ஜீப் ராங்ளர் ரூபிகானில் இது சுமார் 44 டிகிரி. சாலைப் பயணத்தை முதன்மையாகக் கருதிச் செய்யப்பட்ட வண்டிகளில் பெரும்பாலும் முப்பதை எட்டுவதே அரிது.

குட்டை பம்பரில் சக்கரங்களுக்கு முன்னால் எதுவும் இராது என்பதால் பெரிய கல்லின் மீது சக்கரத்தை நேராக ஏற்றிவிடலாம். விலையாக, மட்கார்டின் முனையும் விளக்கின் ஓரமும் புதருக்கும் மரக்கிளைக்கும் திறந்து கிடக்கும். முழு அகல பம்பர் அவற்றைக் காக்கும். ஆனால் அதன் இரு முனைகளும் மேல்நோக்கிச் சாய்வாக வெட்டப்படாமல் தட்டையாக இருந்தால் கல்லில் முட்டுவது அந்த முனைகள்தாம். மரங்கள் நெருங்கிய குறுகலான பாதை என்றால், முனைகள் மேலேறிய முழு அகல பம்பரையே நான் எடுப்பேன். எதை வாங்கினாலும் கடையில் நிற்கும்போது வண்டியின் பக்கவாட்டில் குந்தி அமர்ந்து, சக்கரத்தின் அடியிலிருந்து பம்பரின் அடிவிளிம்பு வரை ஒரு நூலைப் பிடித்துப் பாருங்கள். விளம்பரத் தாளைவிட அந்த நூல் நேர்மையாகப் பேசும்.

கேள்வி: கனமான பம்பர் போட்டால் ஏர்பேக் வேலை செய்யாமல் போகும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: எப்போதும் அப்படி ஆவதில்லை, ஆனால் அந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. மோதலில் வண்டியின் முன்பகுதி நசுங்குவது குறையன்று, திட்டமிட்ட ஏற்பாடு. மெர்சிடிஸ் பென்ஸ் பொறியாளர் பேலா பரேனி 1951-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த இந்தக் கருத்து, 1959-இல் வெளிவந்த அந்நிறுவனத்தின் கார் ஒன்றில் நடைமுறைக்கு வந்தது. முன்பகுதி நசுங்க எடுத்துக்கொள்ளும் அந்தச் சிறு நேரத்தில்தான் மோதலின் ஆற்றல் உள்ளே இருப்பவரை எட்டாமல் செலவாகிறது.

ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் கணினி, வேகம் எப்படிக் குறைகிறது என்பதைச் சென்சார்கள் வழியாக அறிந்து, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிவெடுத்து பையையும் விரித்துவிடுகிறது. தொழிற்சாலையில் அது பழக்கப்பட்டது பழைய பம்பரின் நசுங்கும் தன்மைக்கு. அந்த இடத்தில் நசுங்கவே செய்யாத இரும்பை சேசிஸோடு விறைப்பாக இணைத்தால், சிறு இடியும் பெரியதாகத் தெரியலாம், அல்லது விரிய வேண்டிய கணம் தவறலாம். ஆகவே, உங்கள் வண்டியின் அதே மாடலில் ஏர்பேக்கோடு ஒத்துப்போகிறது என்று சோதித்து எழுத்தில் தரும் தயாரிப்பாளரிடம் மட்டும் வாங்குங்கள். அத்தகைய பம்பர்களின் இணைப்புத் தகடுகளில் வேண்டுமென்றே மடிப்புகளோ துளை வரிசைகளோ இருக்கும். மோதும்போது முதலில் மடிய வேண்டிய இடம் அது. உறுதி கூட்டுகிறேன் என்று பட்டறைக்காரர் அந்த மடிப்பின் மேல் பட்டை வைத்து வெல்டிங் செய்ய முன்வந்தால் தடுத்துவிடுங்கள்.

புதிய வண்டிகளில் முன்னால் செல்லும் வாகனத்தைக் கவனிக்கும் ரேடார் 77 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குவது. பிளாஸ்டிக்கை ஊடுருவும் அந்த அலை இரும்பையோ அலுமினியத்தையோ ஊடுருவாது. பம்பரில் அதற்குத் திறப்பு இருக்க வேண்டும், இடம் மாற்றினால் மறு அளவீடும் செய்ய வேண்டும். பார்க்கிங் சென்சார்களுக்கும் துளைகள் வேண்டும்.

கேள்வி: பார்வைக்கு எல்லா பம்பர்களும் உறுதியாகவே தெரிகின்றன. தரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முன்புறத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுத் திருப்பிப் போடச் சொல்லிப் பின்புறத்தைப் பாருங்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கிய முதல் இரும்பு பம்பரின் முகத்தகடு 5 மில்லிமீட்டர் தடிப்பு. தட்டிப் பார்த்தால் பாறையைத் தட்டியது போல இருந்தது. அதைச் சேசிஸோடு பிடித்திருந்த பிராக்கெட்டோ 3 மில்லிமீட்டர்தான் என்பதை நான் கவனிக்கவில்லை. ஒருநாள் சேற்றில் சிக்கிய வண்டியைச் சற்றுப் பக்கவாட்டாக இழுக்க நேர்ந்தபோது, முகத்தகட்டில் கீறல்கூட விழாமல் பம்பர் முழுவதும் இரண்டு விரல் அளவு ஒரு பக்கமாக நகர்ந்து, அதன் ஓரம் மட்கார்டில் போய்க் குத்தி நின்றது. கழற்றிப் பார்த்தால் பிராக்கெட்டின் போல்ட் துளைகள் முட்டை வடிவில் நீண்டிருந்தன.

அன்றுமுதல் நான் பார்ப்பவை இவை. பிராக்கெட் முகத்தகட்டைவிடத் தடிமனாக இருக்கிறதா. சேசிஸின் முன்முகத்தில் மட்டும் பிடிக்காமல் அதன் பக்கச் சுவரையும் பற்றுகிறதா. வெல்டிங் தொடர்ச்சியாக ஓடுகிறதா அல்லது அங்கங்கே புள்ளி வைத்திருக்கிறதா. போல்ட்டின் தலையில் அதன் உறுதித் தரம் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கும். எதுவும் பொறிக்காத போல்ட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஷேக்கிள் (இழுவைக் கயிற்றைக் கோர்க்கும் இரும்பு வளையம்) மாட்டும் காதுகள் முகத்தகட்டின் மேல் ஒட்டவைத்தவையாக இருந்தால் அவை அலங்காரம்தான். தகட்டை ஊடுருவிப் பின்னால் பிராக்கெட்டோடு ஒன்றாகச் சேர்ந்திருப்பவையே இழுவையைத் தாங்கும். முக்கால் அங்குல வில் ஷேக்கிளின் வேலைச் சுமை 4.75 டன் என்று அதிலேயே பொறித்திருக்கும். அந்தக் காதும் அதற்கு ஈடாக இருக்க வேண்டுமல்லவா.

கேள்வி: சிக்கிய வண்டியைக் கயிற்றை உருளையில் சுற்றி இழுத்து மீட்கும் வின்ச்சை இப்போது வாங்கவில்லை, பிறகு வாங்கலாம். பம்பரை இப்போதே அதற்கேற்ப எடுக்க வேண்டுமா?

பதில்: வாங்கும் எண்ணம் உறுதியாக இருந்தால் மட்டும் எடுங்கள், வின்ச் தாங்கும் உள்தட்டு வெறுமனே சுமக்கும் எடை. அளவுக்கு ஒரு கணக்கு உண்டு: ஆட்களும் சாமான்களும் ஏறிய முழு எடையின் ஒன்றரை மடங்கு. 2,600 கிலோ என்றால் 3,900 கிலோ, அதாவது ஏறத்தாழ 8,600 பவுண்டு. சந்தையில் 9,500 பவுண்டு வின்ச் அதற்குப் பொருந்தும். அந்த எண் உருளையின் முதல் சுற்று அடுக்குக்கு மட்டுமே உரியது. கயிறு நான்கு அடுக்காகச் சுற்றியிருக்கும்போது இழுவிசை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடும். இரும்புக் கம்பிக்குப் பதிலாகச் செயற்கை இழைக் கயிறு போட்டால் முன்புற எடையில் சில கிலோ குறையும், அறுந்தால் சாட்டையாகச் சுழலும் ஆபத்தும் பெரிதும் குறையும். ஆனால் அதற்குக் கயிறு பம்பரிலிருந்து வெளிவரும் இடத்தில் வழவழப்பான அலுமினிய வாய் பொருத்த வேண்டும், கம்பி உரசித் தேய்ந்த பழைய உருளை வாய் இழைகளை அறுத்துவிடும்.

கேள்வி: இதைப் போட்டுக்கொண்டு பொதுச் சாலையில் ஓட்டலாமா?

பதில்: நாட்டுக்கு நாடு விதி வேறு. இந்தியாவில் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில், வாகனத்தின் முன் பொருத்தப்படும் ‘புல் பார்’ (bull bar) எனும் உலோகக் காப்புச் சட்டங்களை மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்கு முரணானவை என்று கூறி நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியது. ஐரோப்பிய ஒன்றியம் 2005-ஆம் ஆண்டின் ஆணை வழியாக, பாதசாரிப் பாதுகாப்புச் சோதனையில் தேறியவற்றை மட்டும் அனுமதித்தது. ஆஸ்திரேலியாவில் இவற்றுக்கெனத் தனித் தரநிலையே உண்டு. விறைப்பான இரும்பு விளிம்பு நடந்து செல்பவரின் இடுப்பிலோ குழந்தையின் தலையிலோ மோதினால், பிளாஸ்டிக் பம்பரைப் போல அது விட்டுக்கொடுக்காது. இந்த விதிகளுக்கெல்லாம் காரணம் அதுவே, அது நியாயமான காரணமும்கூட. அனுமதியையும் காப்பீட்டையும் எழுத்தில் உறுதிசெய்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

கேள்வி: பவுடர் கோட்டிங் செய்த இரும்பு பம்பர் துருப்பிடிக்குமா?

பதில்: பிடிக்கும். கல் பட்டுப் பூச்சு பெயர்ந்த சிறு புள்ளியிலிருந்து ஈரம் பூச்சுக்கு அடியிலேயே ஊர்ந்து பரவும்; அடியில் துத்தநாகப் பூச்சு உள்ளதை வாங்கினால் அந்த வேகம் குறையும். ஆனால் பெரும்பாலான துரு கண்ணுக்குத் தெரியாத பின்புறத்தில்தான் தொடங்குகிறது. பிராக்கெட்டுக்கும் பம்பருக்கும் இடையே அடைந்த சேறு, கோடையிலும் உள்ளுக்குள் ஈரமாகவே இருப்பதைக் கிளறிப் பார்த்திருக்கிறேன். முதல் 500 கிலோமீட்டருக்குப் பிறகு எல்லா போல்ட்டுகளையும் மறுபடி முறுக்கும்போதே அடியிலுள்ள வடிகால் துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு சேற்றுப் பயணத்துக்குப் பிறகும் தண்ணீர்க் குழாயைப் பம்பரின் பின்புறம் நுழைத்து, அந்தத் துளைகளில் தெளிந்த நீர் வடியும்வரை விடுங்கள்.