எலிக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

கேள்வி: கார் நெல் மூட்டையை நகர்த்தினேன். அடியில் கண் திறக்காத எலிக்குஞ்சுகள். தாய் எலி ஓடாமல், என் கண்ணெதிரிலேயே ஒவ்வொன்றாய்க் கவ்விக்கொண்டு போனது. இந்தப் பாசம் எங்கிருந்து வருகிறது சார்?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: அதை அடிக்காமல் விட்டீர்களே அம்மா, அதற்கு முதலில் நன்றி.

ஈனாத பெண் எலிக்குக் குஞ்சின் வாடையே ஆகாது, விலகிப்போகும். ஈனும் சமயத்தில் அதன் ஹார்மோன்கள் மாறும்: புரோஜெஸ்டிரான் இறங்கி, ஈஸ்ட்ரோஜனும் புரோலாக்டினும் ஏறும். மூளைக்குள் ஆக்ஸிடோசினும் சுரக்கும். இவை வேலை செய்யும் முக்கிய இடம், மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைபோதலாமஸின் முன்பக்கத்தில் ஒரு சிறு பகுதி. அது சேதமானால் தாய் எலி குஞ்சைக் கவ்வித் தூக்குவதையே விட்டுவிடும்.

1968இல் டெர்கெல், ரோசன்பிளாட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அப்போதுதான் ஈன்ற எலியின் ரத்தப் பிளாஸ்மாவை (ஹார்மோன்கள் கலந்திருக்கும் நீர்ப்பகுதி) ஈனாத எலிக்கு ஏற்றினார்கள். அது வழக்கத்தைவிடச் சீக்கிரமே குஞ்சுகளைப் பேணத் தொடங்கியது.

என்னை உருக்குவது வேறொன்று. எந்த ஊசியும் இல்லாமல், ஈனாத எலியைக் குஞ்சுகளோடு விட்டுவைத்தாலே ஏறக்குறைய ஒரு வாரத்தில் அணைத்துப் படுக்க ஆரம்பித்துவிடும். பாளையங்கோட்டையில் வகுப்பெடுத்த காலமெல்லாம் இந்த இடம் வந்தால், பெறாமல் என்னை வளர்த்த பெரியம்மை ஞாபகம் வந்து குரல் கம்மிவிடும்.

உங்கள் குஞ்சுகள் இரண்டு வாரத்தில் கண் திறந்துவிடும். நெல்லை மட்டும் பத்திரப்படுத்துங்கள்.