பிரஸ் ஷாப்பில் மகனைச் சேர்க்கலாமா என்று கேட்ட அம்மாவுக்கு

அம்மா, வணக்கம். உங்கள் கடிதத்தில் சம்பளத்தைப் பற்றி அரைப் பக்கம், யூனியன் தகராறைப் பற்றி கால் பக்கம் எழுதிவிட்டு, பக்கத்துத் தெருப் பையனுக்கு இரண்டு விரல் போன கதையைக் கடைசி வரியில் தயங்கித் தயங்கிச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியம். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பிரஸ் ஷாப் என்றால் பவர் பிரஸ் ஓடும் தொழிற்கூடம். பவர் பிரஸ் என்பது இரும்புத் தகட்டை அச்சின் மீது வைத்து ஒரே அழுத்தில் வெட்டும் அல்லது வளைக்கும் இயந்திரம். பல தொழிற்கூடங்களில் தகட்டை உள்ளே வைப்பதும் எடுப்பதும் கைதான். அதனால்தான் அதற்கு இரண்டு பொத்தான்கள். இரு கைகளாலும் சேர்த்து அழுத்தினால்தான் மேலச்சு இறங்கும். அப்போது கை உள்ளே இருக்க வழியில்லை. நல்ல நிறுவனங்களில் முன்பக்கம் ஒளித்திரையும் இருக்கும். விரல் குறுக்கே போனாலே இயந்திரம் நின்றுவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களை அழைத்துக்கொண்டு அம்பத்தூர்ப் பக்கம் ஒரு சிறு தொழிற்கூடத்துக்குப் போயிருந்தேன். வாசலிலேயே பாதுகாப்பு உறுதிமொழி, அழகாகச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. உள்ளே ஒரு பழைய பிரஸ்ஸில் இடப்பக்கப் பொத்தானைக் கறுப்பு டேப்பால் அழுத்திச் சுற்றி வைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். “ரெண்டு கையும் வைத்தால் கணக்கு வராது சார்” என்றார் ஆபரேட்டர், தலையை நிமிர்த்தாமலே. ஷிப்டுக்கு இத்தனை பீஸ் என்று அவருக்குக் கணக்கு வைத்தது யார்? விபத்து நடந்தால் “பையனின் கவனக்குறைவு” என்று எழுதுவார்கள். அந்த டேப்பை எழுத மாட்டார்கள்.

ஆகவே சேருவதற்கு முன் தொழிற்கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்க்க மகன் அனுமதி கேட்கட்டும். காட்ட மறுத்தாலும் அது ஒரு பதில்தான். ஷிப்டு விடும் நேரத்தில் எதிரே உள்ள டீக்கடையில் அரை மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். அங்கே தெரிந்துகொள்வதை எந்த நேர்முகத் தேர்விலும் தெரிந்துகொள்ள முடியாது.

அடுத்தது நியமனக் கடிதம். அதில் யார் கையெழுத்து, எந்தப் பெயரில் பதவி என்று பாருங்கள். கையெழுத்து நிறுவனத்துடையதா, ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரருடையதா? பதவி ‘தொழிற்பழகுநர்’ (அப்ரென்டிஸ்) என்றால், 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டப்படி அவர் தொழிலாளி ஆகமாட்டார், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு), பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்தம் இருக்காது. ஆனால் பயிற்சியின்போது காயம்பட்டால் இழப்பீடு தர வேண்டியது நிறுவனமே. உரிய அதிகாரியின் அனுமதி இல்லாமல் அவரை மிகைநேரம் வேலை வாங்கவும் கூடாது. ‘ட்ரெய்னி’ என்று மட்டும் பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால் எந்தச் சட்டத்தின் கீழ் என்று கேட்டே ஆக வேண்டும். வெறும் சொல் விளையாட்டில் காலம் தள்ளும் நிறுவனங்கள் உண்டு.

வழக்கமான தொழிலாளியாக, மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளத்தில் எடுத்தால், இ.எஸ்.ஐ. எண் முதல் மாதமே கையில் வர வேண்டும். சம்பளத்தில் 0.75 சதவீதம்தான் பிடிப்பார்கள். வேலையில் அடிபட்டு வீட்டில் இருக்கும் நாட்களுக்குக் கிட்டத்தட்ட 90 சதவீத ஊதியம் கிடைக்கும். இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்குக் கிடையாது. இரண்டாம் நாளே அடிபட்டாலும் உண்டு. விபத்து நடந்த அன்றே அதைப் பதிவேட்டில் ஏற்ற வைக்க வேண்டும். “தனியார் மருத்துவமனையில் நாங்களே பார்த்துக்கொள்கிறோம், எழுத வேண்டாம்” என்று அன்பாகச் சொல்லும் சூப்பர்வைசரிடம்தான் அதிக எச்சரிக்கை வேண்டும். நிரந்தர ஊனம் என்றால் பிற்பாடு கோருவதற்கு அந்தப் பதிவுதான் ஆதாரம்.

யூனியன் விஷயம். சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை நடத்திய வேலைநிறுத்தத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பயந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே முக்கியமான கோரிக்கைகளில் ஒன்று சங்கத்தைப் பதிவு செய்து அங்கீகரிக்க வேண்டும் என்பது. அந்தச் சங்கம் 2025 ஜனவரியில் பதிவானது. என் அனுபவத்தில், கேட்க ஆள் இருக்கும் தொழிற்சாலையில்தான் பொத்தானில் டேப் ஒட்டத் தயங்குகிறார்கள். சங்கம் உள்ள கம்பெனி என்பதற்காக ஒதுக்காதீர்கள். ஒன்று மட்டும் மகனிடம் சொல்லுங்கள்: பயிற்சிக் காலத்தில் இருப்பவரை வெளியே அனுப்புவது எளிது, அதனால் சங்கத்தின் பெயரால் யார் எதில் கையெழுத்துக் கேட்டாலும் முழுவதும் படிக்காமல் போட வேண்டாம்.

மகனுக்கு இந்தத் துறை பிடித்துவிட்டால், ஆபரேட்டராகவே ஓய்வு பெற வேண்டியதில்லை. உரிய கல்வித் தகுதியும் சில ஆண்டு அனுபவமும் இருந்தால் தொழிலகப் பாதுகாப்பில் ஓராண்டுப் பட்டயம் படிக்கலாம்; சென்னை தரமணியில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிலையம் நடத்துகிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டப்படி பொதுவாக 1,000 தொழிலாளர் இருந்தால்தான் பாதுகாப்பு அலுவலர் கட்டாயமாக இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பில் அது 500 ஆகக் குறைந்திருக்கிறது. பிரஸ்ஸில் நின்று வேலை பார்த்த ஒருவர் அந்தப் பதவிக்கு வந்தால் டேப்பைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பார்.

சம்பளத்தைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை என்று நினைப்பீர்கள். மகனுக்குத் தருவதாகச் சொல்லும் 16,000 ரூபாய் இப்போதைக்குச் சரியான தொகைதான். ஆனால் கையில் வருவது எவ்வளவு, பஸ்ஸுக்கும் கேன்டீனுக்கும் பிடிப்பது எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். நியமனக் கடிதம் வந்ததும் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். பின்பக்கத்து நிபந்தனைகளை விட்டுவிடாதீர்கள். சேரும் தேதிக்கு முன்பே படித்துவிட்டுத் தொலைபேசியில் பேசுகிறேன்.