தாத்தாவின் துணிக்கடை: பாட்டி சொல்வதா, அத்தை சொல்வதா?

வணக்கம் சகோதரி. மலேசியாவின் பினாங்கில், லெபு பாசார் தெருவில் தாத்தாவின் துணிக்கடை ஜப்பான்காரன் வருமுன்பே திறந்தது என்கிறார் பாட்டி. அவன் போன பிறகுதான் என்கிறார் அத்தை. குடும்ப வரலாற்றில் எதை எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள்.

இரண்டையும் எழுதிவையுங்கள். வியாபாரிகளின் தொடக்கக் கதையில் மெருகு இருக்கும். அழகுசாதனத் தொழிலின் முன்னோடி ஹெலினா ரூபின்ஸ்டைன் தன் வயதையே குறைத்துச் சொன்னவர். ஆஸ்திரேலியாவில் விற்ற கிரீமைக் கார்பேத்திய மலை மூலிகை என்றார். முக்கியச் சரக்கோ அந்த ஊர் ஆட்டு ரோமக் கொழுப்பு. வரலாறு எழுதுகிறவருக்கு அந்தப் புளுகும் தகவல்தான், எது விலைபோனது என்று காட்டுகிறதே!

சரி, பழைய பில் புத்தகம் இருக்கிறதா? அடிக்கட்டையைப் பாருங்கள். 1941 டிசம்பரில்தான் பினாங்கில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தது. அதற்கு முந்திய பில் ஒன்று கிடைத்தாலும் பாட்டி ஜெயித்தார். தேதியில் 2602 என்றிருந்தால் அச்சுப்பிழை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அது ஜப்பானிய ஆண்டு. 660ஐக் கழித்தால் 1942. அப்படியானால் அத்தை தோற்றார், பாட்டி ஜெயித்தாரா என்பது மட்டும் இன்னும் தெரியாது!

அப்புறம், சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையத்தளத்தில் பழைய பத்திரிகைகள் உள்ளன. கடைப் பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுத்துக்கூட்டித் தேடுங்கள்.