கோல் போடாத பையன்: மிட்ஃபீல்டராகவே விடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு படிக்கிறான். உள்ளூர் கால்பந்து கிளப்பில் மிட்ஃபீல்டர், அதாவது நடுக்களத்தில் ஆடுகிறவன். வாராவாரம் முழு ஆட்டமும் ஆடுகிறான், சில சமயம் பெரியவர்கள் அணியிலும் இறக்குகிறார்கள். ஆள் குள்ளம், ஒல்லி. மாவட்ட செலக்‌ஷனில் இரண்டு முறை கழித்துவிட்டார்கள். "கோல் போடுறவனைத்தான் எடுக்கிறாங்க" என்று ஃபார்வர்டாக மாறப் பார்க்கிறான். வெளியூரில் பெரிய பெயருள்ள ஒரு அகாடமி, கட்டணம் கட்டினால் விடுதியோடு இடம் தருவதாகவும், முதல் வருடம் ரிசர்வில்தான் இருப்பான் என்றும் சொல்கிறது. அங்கிருந்து ஐரோப்பாவுக்கு டிரையல்ஸ் அனுப்புவார்களாம். சேர்க்கலாமா? — ஒரு தாய், திருச்சி

பதில்: இந்த வருடம் சேர்க்க வேண்டாம் அம்மா. ஆடும் இடத்தையும் மாற்ற வேண்டாம். காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் உயரம். தம்பி பிறந்தது எந்த மாதம்? வயதுப் பிரிவுப் போட்டிகளில் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் நிற்கிறார்கள். ஏறக்குறைய ஒரு வருட வளர்ச்சி வித்தியாசம் அது. போதாததற்கு ஒருவனுக்கு 13 வயதில் மீசை முளைக்கும், இன்னொருவன் 17-ல்தான் வளரத் தொடங்குவான். செலக்டர் கையில் இருப்பது அரை மணி நேரம். அதற்குள் கண்ணில் படுவது வேகமும் உடம்பும் கோலும்தான். அது சரியான முறை என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது.

மிட்ஃபீல்டர் லூகா மோட்ரிச்சை எடுத்துக்கொள்ளுங்கள். 1985-ல் குரோஷியாவின் ஜாதர் பகுதியில் பிறந்தவர், போர்க்காலத்தில் அகதியாக ஹோட்டல்களில் வளர்ந்தவர். சிறுவயதில் ஹஜ்துக் ஸ்பிளிட் கிளப் அவரை மிகவும் சிறிய உடம்பு என்று ஒதுக்கியது. டினாமோ ஜாக்ரெப் எடுத்துக்கொண்டது. ஆனால் பெரிய கிளப்பின் பெஞ்சில் உட்கார வைக்கவில்லை. 18 வயதில் பக்கத்து நாடான போஸ்னியாவின் ஸ்ரின்ஸ்கி மோஸ்டார் கிளப்புக்குக் கடனாக, அதாவது தற்காலிகமாக, அனுப்பியது. முரட்டு ஆட்டத்துக்குப் பெயர் போன லீக் அது. அங்கே ஒரு சீசன் முழுக்க வளர்ந்த ஆண்களோடு ஆடினார். அடுத்த சீசன் குரோஷியாவிலேயே இன்டர் ஜாப்ரெஷிச் என்ற சிறிய கிளப். இங்கிலாந்தின் டாட்டன்ஹாமுக்குப் போனது 2008-ல்தான், ரியல் மாட்ரிட் 2012-ல். அங்கே ஐரோப்பிய கிளப்புகளின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் கோப்பைகள் ஆறு, 2018-ல் உலகின் சிறந்த வீரருக்கான பாலோன் தோர் விருது. அப்போது அவருக்கு வயது 33. நாற்பதை நெருங்கும் வேளையில், 2025-ல், இத்தாலியின் ஏசி மிலானுக்குப் போனார்.

எல்லாருக்கும் இப்படி அமையாது என்பது எனக்கும் தெரியும். மோஸ்டாரில் கிடைத்த அந்த ஆட்ட நிமிடங்களைக் காட்டத்தான் இதைச் சொல்கிறேன். ஃபார்வர்ட் வேகத்தை வைத்துப் பிழைக்கலாம், அதனால் 18 வயதிலேயே பெயர் வாங்கிவிடுகிறான். மிட்ஃபீல்டர் பிழைப்பது ஆட்டத்தைப் படிப்பதில். அது பயிற்சி மைதானத்தில் கூம்புகளைச் சுற்றி ஓடுவதால் வருவதில்லை. பந்தைத் தொலைத்து, திட்டு வாங்கி, மறுபடியும் ஆடித்தான் வரும். என்கோலோ கான்டே 22 வயதில்கூட பிரான்சின் மூன்றாம் டிவிஷனில் பூலோன் கிளப்புக்காக ஆடிக்கொண்டிருந்தார். அவரும் குள்ளம்தான். 2016-ல் லெஸ்டர் கிளப்போடு இங்கிலாந்து பிரீமியர் லீக் கோப்பை, 2018-ல் பிரான்ஸோடு உலகக் கோப்பை. உங்கள் மகனுக்கு வாரா வாரம் முழு ஆட்டம் கிடைக்கிறது. அதைக் கொடுத்துவிட்டு ரிசர்வ் பெஞ்சைக் காசு கொடுத்து வாங்குவானேன்?

ஃபார்வர்டாக மாறும் யோசனையைப் பற்றி. இடம் மாறுவதில் தப்பே இல்லை. இத்தாலியின் ஆந்த்ரேயா பிர்லோ இளவயதில் ஃபார்வர்டுகளுக்குப் பின்னால் ஆடும் 'நம்பர் 10'. 2001-ல் பிரெஷா கிளப்புக்குக் கடனாகப் போனபோது அந்த இடத்தில் நட்சத்திர வீரர் ரோபெர்தோ பாஜியோ இருந்தார். பயிற்சியாளர் மாட்ஸோனே பிர்லோவைத் தற்காப்புக்கு முன்னால் இறக்கினார். பிறகு ஏசி மிலானில் பயிற்சியாளர் ஆன்செலோட்டியும் அதையே தொடர்ந்தார். ஆட்டத்தைத் தெரிந்த கோச், காரணத்தோடு மாற்றினால் மாறலாம். செலக்டருக்குப் பயந்து மாறினால், ஒல்லியான பையன் தன்னைவிடப் பெரிய டிஃபென்டர்கள் இருவருக்கு நடுவில் மாட்டிக்கொள்வான்.

அவனிடம் சரக்கு இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். அடுத்த ஆட்டத்தில் பத்து நிமிடம் பந்தைப் பார்க்காதீர்கள், அவனை மட்டும் பாருங்கள். பந்து வருவதற்கு முன்பே தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்க்கிறானா? வாங்கும்போது உடம்பு பாதி திரும்பியிருக்கிறதா, இல்லை முதுகைக் காட்டி நிற்கிறானா? அணி பந்தை இழந்த அடுத்த நொடி எங்கே ஓடுகிறான்? இந்த மூன்றும் இருந்தால் உயரத்தை மறந்துவிடுங்கள். இல்லையென்றால் அதைத்தான் கோச்சிடம் கேட்டு வாங்க வேண்டும்.

அகாடமிக்கு வருவோம். வருடத்துக்கு எத்தனை போட்டி ஆட்டங்கள், அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் இளையோர் லீக்கில் அணி இருக்கிறதா, காயம் பட்டால் செலவு யாருடையது என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். கிளப்புக்கு உண்மையாகவே வேண்டிய பையனிடம் அவர்கள் பெரிய கட்டணம் கேட்பது அபூர்வம். விடுதிதான் வேண்டுமென்றால், பத்தாம் வகுப்பு முடிந்ததும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதித் தேர்வுக்குப் போகலாம். அங்கே தங்குவதும் சாப்பாடும் இலவசம்.

ஐரோப்பிய டிரையல்ஸ் பேச்சை அப்படியே நிறுத்துங்கள். உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிப்படி 18 வயது ஆகாதவரை ஒரு வீரரை வேறு நாட்டுக் கிளப்பில் பதிவு செய்ய முடியாது. பெற்றோர் கால்பந்து சம்பந்தமில்லாத காரணத்துக்காக அந்த நாட்டுக்குக் குடிபெயர்வது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, உங்களுக்கு அவை பொருந்தாது. பணம் கட்டிப் போனால் சுற்றுலாவும் ஜெர்சியோடு ஒரு போட்டோவும் மிஞ்சும். யாராவது ஏஜென்ட் என்று வந்தால் ஃபிஃபா உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் எழுத்துபூர்வ சம்மதமில்லாமல் அவர் உங்கள் மகனோடு பேசவே கூடாது. அப்புறம், "பிறந்த தேதியைக் கொஞ்சம் மாத்திடலாம்" என்று ஒருவர் வருவார். வாசலோடு அனுப்பிவிடுங்கள். பிடிபட்டால் தடை.

என்றைக்காவது ஒரு கிளப் ஒப்பந்தம் நீட்டினால், 18 வயதுக்குக் கீழே மூன்று வருடத்துக்கு மேல் கையெழுத்து வாங்க முடியாது என்பதும் ஃபிஃபா விதிதான்.

படிப்பை விடக் கூடாது என்பதற்கு ஒரே காரணம் போதும்: 2025-ல் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) வணிக உரிமை ஒப்பந்தச் சிக்கலில் தள்ளிப்போனபோது சில கிளப்புகள் சம்பளத்தையே நிறுத்திவைத்தன. காயமும் உண்டு. வியாசர்பாடியிலிருந்து வந்த தன்பால் கணேஷ் 2017-18 சீசனில் கோப்பை வென்ற சென்னையின் எஃப்சி நடுக்களத்தில் ஆடியவர். அதன் பிறகு முழங்கால் காயம் அவரை நீண்ட நாள் வெளியே உட்கார வைத்தது. மறுபக்கம், இந்திய மகளிர் அணி மிட்ஃபீல்டர் கடலூர் இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். ஆட்டமும் வேலையும் சேர்ந்தே போயிருக்கிறது.

இப்போதைக்கு ஒரே ஒரு செலவு செய்யுங்கள். மிட்ஃபீல்டருக்கு இரண்டு நிமிட 'ஹைலைட்ஸ்' வீடியோ உதவாது. அதில் கோல்தான் தெரியும். கேலரியின் மேல் படியிலிருந்து, போனைக் கிடையாகப் பிடித்து, முழு ஆட்டத்தையும் வெட்டாமல் எடுக்கச் சொல்லுங்கள். பந்தின் பின்னாலேயே ஜூம் பண்ணாமல், மைதானத்தின் பாதியாவது எப்போதும் தெரிய வேண்டும். ஜெர்சி எண்ணைத் தொடக்கத்தில் குறிப்பிட்டு, தோற்ற ஆட்டம் ஒன்றையும் சேர்த்து இரண்டு மூன்று ஆட்டங்களை அனுப்புங்கள். மிட்ஃபீல்டரைத் தேடும் கோச் முதலில் திறந்து பார்ப்பது தோற்ற ஆட்டத்தைத்தான்.