மனச்சிதைவு உள்ள தம்பியின் மறதிக்கு மூளைத் தூண்டல் சிகிச்சை உதவுமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள் அக்கா: மாத்திரையால் தம்பிக்குக் காதில் குரல் கேட்பது நின்றுவிட்டது, ஆனால் கடைக்குப் போனால் என்ன வாங்க வந்தோம் என்பதே மறந்துபோகிறது, டர்பனில் மூளைக்கு மின்சாரம் கொடுத்தால் சரியாகுமா என்று.

கொஞ்சம் உதவலாம். ஆனால் அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். உப்புநீரில் நனைத்த பஞ்சுப் பட்டையை நெற்றியின் இடப்பக்கம் மேலே வைத்து, இன்னொன்றை வேறிடத்தில் வைத்து, சுமார் 20 நிமிடம் 2 மில்லியாம்பியர் மின்சாரம் விடுவார்கள். பெரும்பாலும் தோல் லேசாக அரிக்கும், அவ்வளவுதான். வலிப்பை வரவைக்கும் ஷாக் சிகிச்சை வேறு, இது வேறு. ஒரு விஷயத்தை மனத்தில் பிடித்துவைக்கும் முன்மூளைப் பகுதிதான் இதன் இலக்கு. சில ஆய்வுகளில் சிறு முன்னேற்றம் தெரிந்தது. சிலவற்றில் ஒன்றுமே இல்லை. மின்சாரத்துக்குப் பதில் காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டும் முறையும் அப்படித்தான்; 2008இல் அமெரிக்கா அதை அனுமதித்தது மனச்சோர்வுக்குத்தான், மறதிக்கு அல்ல. தம்பி குளோசபின் என்ற மனச்சிதைவு மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், அதுவே வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும் என்பதால், வலிப்பு அபாயத்தைப் பற்றி டாக்டரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

ஆனால் நான் முதலில் பார்க்கச் சொல்வது மருந்துச் சீட்டை. மனச்சிதைவு மாத்திரையால் வரும் கை நடுக்கத்துக்குக் கொடுக்கும் ஆர்ஃபெனாட்ரின் போன்ற மாத்திரைகளே மறதியைக் கூட்டும். குறைக்கலாமா என்று கேளுங்கள். நினைவு, கவனத்துக்கான பயிற்சிக்கு இந்த மின்சாரத்தைவிட வலுவான சான்று இருக்கிறது. இணையத்தில் விற்கும் கருவியை வாங்கி வீட்டில் மாட்டவே வேண்டாம்.