1967 எம்ஜிபி-யில் 45டி4 டிஸ்ட்ரிப்யூட்டர்: தட்டலும் கருகும் பாயிண்டும்

நண்பரே, உங்கள் 1967 எம்ஜிபி காரில் தேய்ந்த லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிப்யூட்டரை (ஸ்பார்க் பிளக்குகளுக்கு முறைப்படி மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் கருவி) எடுத்துவிட்டு, 1976 எம்ஜிபி-யின் 45டி4-ஐ அதன் காயிலோடு (பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தம் தருவது) சேர்த்துப் போட்டதாகவும், இப்போது ஏற்றத்தில் எஞ்சின் தட்டுகிறது, பாயிண்ட் (டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் காயிலின் மின்சாரத்தை விட்டு விட்டு நிறுத்தும் தொடுமுனை) சீக்கிரம் கருகுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

பாயிண்ட் கருகுவது அந்தக் காயிலால்தான் என்பேன். 1976 வண்டியில், காயிலுக்குப் போகும் மின்சாரத்தை மட்டுப்படுத்தும் பாலாஸ்ட் வயர் உண்டு. காயில் சுமார் 1.5 ஓம். உங்கள் வண்டியில் பாலாஸ்ட் கிடையாது, முழு 12 வோல்ட்டும் நேராக அதில் ஏறுகிறது. பழைய 3 ஓம் காயிலையே திரும்பப் போடுங்கள்.

தட்டலுக்கு வருவோம். 45டி4 உங்கள் எஞ்சினில் அப்படியே உட்காரும், நல்ல தேர்வுதான். ஆனால் உள்ளே இருக்கும் எடையும் ஸ்பிரிங்கும் வேறு, அதனால் வேகம் கூடக்கூட அட்வான்ஸ் (பொறி எவ்வளவு முன்னதாக வருகிறது என்ற அளவு) ஏறும் விதமும் வேறு. எஞ்சின் நிற்கும்போது வைக்கும் பழைய 10 டிகிரி ஸ்டாட்டிக் கணக்கை இதற்கு நம்பாதீர்கள். வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஸ்ட்ரோப் லைட் (டைமிங் குறியைக் காட்டும் மின்னும் விளக்கு) பிடித்து, அட்வான்ஸ் ஏறி நிற்கும் வேகம்வரை முடுக்கிப் பாருங்கள். மொத்த அட்வான்ஸ் 32 டிகிரியைத் தாண்டாமல் வையுங்கள். அப்போதும் தட்டினால் இன்னும் இரண்டு டிகிரி குறையுங்கள். தட்டலோடு ஓட்டினால் பிஸ்டன் போய்விடும்.

அப்புறம், டுவெல் (பாயிண்ட் மூடியிருக்கும் கோணம்) பழையதைப் போல 60 அல்ல, 45டி4-க்கு 51 டிகிரி. மூடியும் ரோட்டரும் 45டி4-க்கு உரியவைதான் வேண்டும், பழையவை சேராது. டைமிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற பழையதில் இருந்த திருகுக் குமிழ் இதில் இல்லை, கிளாம்பைத் தளர்த்தித்தான் திருப்ப வேண்டும்.