வாய்க்கால் நகரில் வெளியே போவதற்கு: வாசகர் கேள்வி – பதில்

ஆம்ஸ்டர்டாம் நகரத்து வாய்க்கால்களைப் பற்றிக் கடந்த இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, பிள்ளைகளையோ உறவினரையோ பார்க்க நெதர்லாந்துக்குப் புறப்படவிருக்கும் நமது திருகோணமலை மாவட்டத்து வாசகர்கள் சிலர் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். என் மகள் அந்நகரில் குடியிருப்பதால் மூன்று தடவை அங்கு சென்று தங்கியிருக்கிறேன். கண்டதையும் நடந்து அறிந்ததையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: எனக்கு 66 வயது, கணவருக்கு 71. ஜூன் மாதம் மூன்று வாரம் மகன் வீட்டில் தங்கப் போகிறோம். மகனும் மருமகளும் பகலில் வேலைக்குப் போய்விடுவார்கள். கணவருக்கு முழங்கால் வலி உண்டு. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்காமல் வெளியே என்ன செய்யலாம்? படகுச் சவாரி அவசியமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, உப்புவெளி

பதில்: அம்மா, நீங்கள் போகும் மாதம் மிக நல்ல மாதம். ஜூனில் அங்கே காலை ஐந்தரைக்கு முன்பே சூரியன் உதித்துவிடும். மறைவதற்கு இரவு பத்து மணியாகும். நம் ஊர் வழக்கப்படி விடியற்காலையில் எழும்பிப் பழகிய உங்களுக்கு அது பெரிய வசதி, ஏனென்றால் கடைகள் திறக்கும்வரை நகரத்தின் நடுப்பகுதியில் சந்தடியே இராது. ஆறு மணி தொடக்கம் எட்டு மணி வரையான நேரத்தை நடைக்கு ஒதுக்கிக் கொள்ளுங்கள். மேடு பள்ளமற்ற நகரம் அது. பாலங்களின் முதுகு மட்டுமே சற்று உயர்ந்திருக்கும், அங்கே மட்டும் ஐயா கைப்பிடியைப் பிடித்து மெதுவாக ஏறினால் போதும்.

வாய்க்கால்களின் அமைப்பை முதலில் மனதில் பதித்துக்கொண்டால் வழி தவறாது. குளத்தில் கல்லெறிந்தால் எழும் அலைவட்டத்தின் ஒரு பாதியைப் போல, சிங்கல், ஹேரன்கிராக்ட், கைசர்கிராக்ட், பிரின்சன்கிராக்ட் என நான்கு நீர்வழிகள் பழைய நகரைச் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாக வளைந்து செல்கின்றன. ‘கிராக்ட்’ என்றால் வாய்க்கால். உள்ளே இருக்கும் சிங்கல் பழைய அகழி. மற்ற மூன்றும் 1613ஆம் ஆண்டு தொடங்கித் திட்டமிட்டு வெட்டப்பட்டவை. இந்த வளையத்தை யுனெஸ்கோ 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஒரு வாய்க்காலிலிருந்து அடுத்ததற்குச் சில நிமிட நடைதான். ஆகவே ஒரே நாளில் எல்லாவற்றையும் சுற்றிவிட முயலாமல், நாளொன்றுக்கு ஒரு வாய்க்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர்கள் வாசலில் வாங்கு போட்டுப் பூச்சட்டி வைத்திருப்பார்கள். அந்த வாங்குகள் அவர்களுடையவை, அவற்றில் அமராமல் பொது வாங்கு வரும்வரை நடப்பதே மரியாதை.

நடக்கும்போது அண்ணாந்து பாருங்கள். ஒவ்வொரு வீட்டின் முகட்டிலும் ஒரு மரச்சட்டம் வெளியே நீட்டியிருக்கும், அதன் நுனியில் இரும்புக் கொக்கி தொங்கும். வீடுகள் ஒடுக்கமானவை, உள்ளே படிக்கட்டுகள் ஏணியைப் போலச் செங்குத்தானவை என்பதால், சரக்குகளைக் கயிறு கட்டி வெளிப்புறமாகவே மேலே இழுத்தார்கள். பொதி சுவரில் உராயாதிருக்க முகப்பையும் சற்று முன்சாய்த்துக் கட்டினார்கள். இன்றும் வீடு மாறுபவர்கள் கட்டிலையும் அலுமாரியையும் அந்தக் கொக்கியில் கயிறு மாட்டி ஏற்றுவதுண்டு. ஒரு காலைப்பொழுதில், முதலில் ஒரு மெத்தையும் பின்னர் ஒரு பியானோவும் நான்காம் மாடிச் சன்னல் வழியாக உள்ளே போவதை முக்கால் மணி நேரம் நின்று பார்த்தேன். கீழே கயிற்றைப் பிடித்திருந்த இருவரும் ஒரு வார்த்தை பேசாமல், கை மாற்றிக் கை மாற்றி, வலையிழுக்கும் ஒழுங்கோடு இழுத்தார்கள்.

பிரவுவர்ஸ்கிராக்ட் என்னும் வாய்க்காலுக்கு ஒரு நாளைத் தனியாக ஒதுக்குங்கள். நிறந்தீட்டிய பெரிய மரக்கதவுகளோடு அங்கே வரிசையாக நிற்பவை பழைய பண்டகசாலைகள். இலங்கையின் கறுவாவை ஏகபோகமாக வைத்திருந்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் காலத்தில், கிழக்கிலிருந்து வந்த வாசனைச் சரக்குகளால்தான் அந்த நகரம் கொழுத்தது. கோணேசர் கோயிலை இடித்த கற்களால் போர்த்துக்கேயர் கட்டிய நம் கோட்டையை 1639இல் கைப்பற்றியவர்களும் அதே கம்பனியார்தாம். கோட்டை வாசலில் மான்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு, அந்தப் பண்டகசாலைகள் வெறும் அழகுக் காட்சியாகத் தெரியமாட்டா. உங்கள் பேரப்பிள்ளைகள் உடன் வந்தால், இதை அந்த இடத்திலேயே நின்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.

படகு அவசியமா என்று கேட்டீர்கள். ஒரு தடவை கட்டாயம் போகவேண்டும், ஏனெனில் அந்த நகரம் நீரிலிருந்து பார்ப்பதற்கென்றே கட்டப்பட்டது. கண்ணாடிக் கூரை போட்ட நீண்ட படகுகள் மழை நாளுக்கு நல்லவை; வெயில் நாளில் உள்ளே புழுங்கும். வானம் தெளிந்த மாலையில், திறந்த சிறு படகில் ஒரு மணி நேரம் போவதையே நான் சிபாரிசு செய்வேன். ஏறும் இடத்தில் எத்தனை படி இறங்கவேண்டும் என்பதை முன்கூட்டியே கேட்டறியுங்கள், ஐயாவின் முழங்காலுக்கு அதுதான் முக்கியம். ரெகுலியர்ஸ்கிராக்ட் என்னும் குறுக்கு வாய்க்கால் ஹேரன்கிராக்டைச் சந்திக்கும் இடத்தில், ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு பாலங்களின் வளைவுகள் ஒரே நேர்கோட்டில் தெரியும்; இரவில் வளைவுகளில் விளக்கெரியும்.

மகனுக்கு விடுமுறை நாள் என்றால், மின்சாரத்தில் ஓடும் சிறு படகை வாடகைக்கு எடுத்துக் குடும்பமாகவே ஓட்டிப் போகலாம், அதற்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை. வலப்பக்கமாகவே செலுத்தவேண்டும், பெரிய சவாரிப் படகுகளுக்கு வழிவிடவேண்டும், பெரும்பாலான வாய்க்கால்களில் மணிக்கு 6 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது, ஒலிபெருக்கியில் பாட்டுப் போடக்கூடாது. கடைசி விதியைச் சொன்னால் நம் பிள்ளைகளுக்கு முகம் வாடும். ஆனால் அந்த நீரின் இரு கரையிலும் மனிதர்கள் உறங்குகிறார்கள். நீரிலேயே 2,500 அளவில் படகுவீடுகளும் கரையோடு கட்டி நிறுத்தப்பட்டிருக்கின்றன.

கேள்வி: நான் விவசாயி. மகளின் பிரசவத்துக்காக மனைவியோடு போகிறேன். நகரத்தை ஒரு நாள் பார்த்தால் எனக்குப் போதும். வயல் வெளியைப் பார்க்க ஆசை. துவிச்சக்கர வண்டியில் போகலாம் என்கிறார் மருமகன். இங்கே தினமும் சைக்கிள் மிதிப்பவன் நான். அங்கே ஏதும் சிரமம் உண்டா?
– விவசாயி, தம்பலகாமம்

பதில்: சைக்கிள் மிதிக்கத் தெரிவது வேறு, அந்த ஊரில் சைக்கிளில் போவது வேறு என்பதை நான் விழுந்துதான் கற்றேன். நான் வாடகைக்கு எடுத்த வண்டிக்குக் கைப்பிடியில் பிரேக் இல்லை. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால்தான் நிற்கும். வாடகைக்குத் தந்தவர் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முதலாவது சந்தியில் பழக்கதோஷத்தில் விரல்களை மடக்கினேன், பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. பதற்றத்தில் வண்டியைத் திருப்ப, முன்சில்லு டிராம் தண்டவாளத்தின் பிளவுக்குள் இறங்கி நான் தெருவில் கிடந்தேன். முழங்கை உராய்ந்ததோடு போயிற்று. ஆகவே ஐயா, முதல் நாள் ஒரு பூங்காவுக்குள் பெடல் பிரேக்கைப் பழகிக்கொள்ளுங்கள். தண்டவாளத்தைக் கடக்கும்போது சாய்வாகக் கடக்காமல் குறுக்காகவே கடவுங்கள்.

சைக்கிளுக்கென்று செந்நிறத் தார் போட்ட தனிப்பாதை உண்டு. அங்கே வாகனங்கள் வலப்பக்கம் போகும் என்பதால் நம் கண் முதலில் தவறான பக்கமே பார்க்கும். திரும்புமுன் கையைக் காட்டுங்கள், இரவில் முன்னும் பின்னும் விளக்கு எரியட்டும், ஓடும்போது தொலைபேசியைக் கையில் எடுத்தால் 2019 முதல் தண்டம் உண்டு.

வயல் வெளிக்கு, நகரின் வடக்கே வாட்டர்லாந்து என்னும் பகுதிக்குப் போங்கள். மத்திய ரயில் நிலையத்தின் பின்புறம் ஐ என்னும் அகன்ற நீர்ப்பரப்பைப் படகுப் பாதையில் (ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக் கரை சேர்க்கும் பெரிய படகில்) சைக்கிளோடு கடந்து, அணைக்கட்டின் மேலாக மிதித்தால் டூர்கர்டாம் என்னும் கிராமம் வரும். அணைக்கட்டோடு ஒட்டி மர வீடுகள், ஒரு பக்கம் பரந்த நீர், மறுபக்கம் புல்வெளி. அங்கே இறங்கி நின்று இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நீர் மேலேயும் நிலம் கீழேயும் இருக்கும். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் வாய்க்கால் வழியாக உங்கள் வயலுக்கு எப்போது வந்து சேரும் என்று காத்திருந்தவர் நீங்கள். அங்குள்ள விவசாயியோ தன் நிலத்திலிருந்து தண்ணீர் எப்போது வெளியே போகும் என்று பார்த்திருக்கிறார். புல்வெளியைக் கீறிக்கொண்டு ஓடும் சிறு வாய்க்கால்கள் எல்லாம் நீரை வடிப்பதற்காக வெட்டியவை. வடிந்த நீரைப் பம்பு கொண்டு மேட்டு வாய்க்காலுக்கு ஏற்றிவிடுகிறார்கள். பம்பு வருவதற்கு முன்பு காற்றாலைகள் செய்த வேலைகளில் இதுவும் ஒன்று. இரவு பகலாக வடித்துக்கொண்டிருக்காவிட்டால் அந்த நிலத்தில் மீண்டும் நீர் நிற்கும். வாய்க்கால் வெட்டியும் மடை திறந்தும் பழகிய உங்களுக்கு அந்த வேலையின் பாரம் என்னைவிட நன்றாக விளங்கும்.

தூரம் குறைவாக வேண்டுமானால், அம்ஸ்டல் ஆற்றங்கரையோடு தெற்கே அவுடர்கெர்க் கிராமம் வரை போகலாம். வழியில் பழைய காற்றாலை ஒன்றும், அதனருகே ஓவியர் ரெம்பிராண்டின் சிலையும் உண்டு.

கேள்வி: வாய்க்கால்களில் நீந்தலாமா? நான் கடலோரத்தில் வளர்ந்தவன், நன்றாக நீந்துவேன்.
– மாணவர், மூதூர்

பதில்: நினைத்த இடத்தில் குதிக்காதீர்கள், தம்பி. படகுகள் ஓயாமல் போகும் பாதை அது. அடியில் சேறும், ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் தூக்கியெடுக்கப்படும் பழைய சைக்கிள்களும் கிடக்கின்றன. கோடையிலும் நீர் நம் கடலைப் போலிராது, உடம்பு விறைத்துப்போகும். ஸ்லோட்டர்பிளாஸ் என்னும் ஏரியில் நீந்துவதற்கென்று கரை அமைத்திருக்கிறார்கள், அங்கே போங்கள்.

கேள்வி: எங்களுக்கு மார்கழி, தை மாதங்களில்தான் விடுமுறை கிடைக்கும். வாய்க்கால் உறைந்து மக்கள் அதன்மேல் சறுக்கி விளையாடும் படங்களைப் பார்த்திருக்கிறோம். நாங்களும் பார்க்கலாமா?
– வங்கி ஊழியர், திருகோணமலை நகர்

பதில்: அந்தக் காட்சியை நம்பிப் பயணச்சீட்டு வாங்காதீர்கள். பல நாள் தொடர்ந்து கடுங்குளிர் நின்றால்தான் பனிக்கட்டி ஆளைத் தாங்கும் அளவுக்குத் தடிக்கும். 2012, 2018, 2021 என்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, அதுவும் ஓரிரு நாட்களுக்கே அது வாய்க்கிறது. அப்படி வாய்த்தாலும் உள்ளூர்வாசிகள் இறங்கிய பிறகு இறங்குங்கள். பாலத்தின் கீழே பனிக்கட்டி மெலிதாக இருக்கும். மற்றபடி, மார்கழியில் மாலை நாலரை மணிக்கே பொழுது படும், ஈரக் காற்று எலும்பில் ஏறும். நம் வாடைக்காற்றைத் தாங்கும் சட்டை அங்கே ஒன்றுக்கும் உதவாது. காற்றும் நீரும் புகாத மேலங்கியும் சப்பாத்தும் தேவை. பகல் பதினொன்று முதல் மூன்று வரை வெளியே உலாவிவிட்டு வீடு திரும்புங்கள். விடுமுறையை மாற்ற முடிந்தால் சித்திரையில் போங்கள், அயலூரான லிஸ்ஸெவில் கோய்கன்ஹோஃப் பூந்தோட்டம் அப்போது திறந்திருக்கும்.

கேள்வி: நான்கு வயதிலும் ஏழு வயதிலும் இரு பிள்ளைகள். தண்ணீர் சூழ்ந்த ஊர் என்பதால் பயமாக இருக்கிறது. அவர்களை எங்கே விளையாட விடலாம்?
– இல்லத்தரசி, கிண்ணியா

பதில்: சகோதரி, உங்கள் பயம் நியாயமானது. பல இடங்களில் வாய்க்கால் விளிம்பில் தடுப்பே இல்லை. உள்ள இடத்திலும் நிறுத்திய கார் உருண்டு விழாமல் தடுக்கும் தாழ்ந்த கம்பிதான் உண்டு. வாய்க்கால் ஓரம் நடக்கும்போது சிறியவரின் கையை விடாதீர்கள், நீர்ப்பக்கமாக நீங்கள் நடங்கள்.

ஓடி விளையாட, 1865இல் திறக்கப்பட்ட வொண்டல் பூங்கா நகருக்குள்ளேயே இருக்கிறது. அங்கும் குளங்கள் உண்டு, சைக்கிள்களும் விரைந்து வரும் என்பதால் கண் வைத்திருக்கவேண்டும். நான் அதைவிட விரும்புவது நகரின் தெற்கெல்லையில் உள்ள ஆம்ஸ்டர்டாம்ஸ போஸ் என்னும் காடு. ஏறக்குறைய ஆயிரம் ஹெக்டேயர் பரப்புள்ள அந்தக் காடு இயற்கையாக வளர்ந்ததன்று. 1934இல் தொடங்கி, வேலையிழந்த மனிதர்களுக்கு வேலை கொடுக்கவென்று வெட்டி, நிரவி, மரம் நட்டு உருவாக்கினார்கள். உள்ளே ஓர் ஆட்டுப்பண்ணை உண்டு. குட்டிகளுக்குப் பால்போத்தலைப் பிடித்துக் கொடுக்கும்போது அவை முட்டி முட்டிக் குடிக்கும் வேகத்தில் என் பேத்தி பின்னால் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். போத்தலை மட்டும் விடவில்லை.

செலவில்லாமல் பிள்ளைகளை மகிழ்விக்க இன்னொரு வழி, மேலே தம்பலகாமத்து ஐயாவுக்குச் சொன்ன படகுப் பாதை. 2009இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாத் துறையில் பாதைக்காக வரிசையில் நின்ற நினைவு உங்களுக்கு இருக்கும். அதைப் போன்றதே இது, ஆனால் இரவும் பகலும் ஓடும், கட்டணம் இல்லை. ரயில் நிலையத்தின் பின்னால் ஏறினால் ஐந்து நிமிடத்தில் அக்கரை. அதே பாதையில் திரும்பி வரலாம். நடந்து ஏறுபவர்களும் சைக்கிளோடு ஏறுபவர்களும் நெருக்கியடித்து நிற்பார்கள், கதவு திறந்ததும் சைக்கிள்காரர் முந்துவார்கள். அவர்கள் இறங்கிய பிறகு இறங்குங்கள். காற்று பலமாக இருக்கும், பிள்ளைகளின் காதை மூடத் தொப்பி கொண்டுபோங்கள்.